சிம்னி இருந்த இடம்

போன வாரம் ஒரு நாள் காலை ஆறே முக்கால் மணிக்கு, பதினாறு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், எங்கள் வீட்டு பாத்ரூம் கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

வயது அறுபத்திரண்டு. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. போதாக்குறைக்கு அது நான் குடியிருக்கும் பிளாக்கும் இல்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள் — 'சி பிளாக் மாடியில் நிற்கும் பெரியவர் யார்? யாராவது போய்ப் பாருங்களேன்...'

கீழே குதிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள் போல. குதிக்கிறவன் கண்ணாடியை ஏன் எடுத்துக்கொண்டு போகிறான்? சரி, கதைக்கு வருகிறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது, பெண் எடுத்தது எல்லாமே டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவில்தான். ஒரு காலத்தில் எங்கள் வீடுகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள், "வட சென்னையா...?" என்று இழுப்பார்கள். அந்த இழுப்பிலேயே பதில் தெரிந்துவிடும். இப்போது விம்கோ நகருக்கு மெட்ரோ வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் டை கட்டிய பையன்கள் நின்றுகொண்டு, "சீ வியூ சார், சீ வியூ" என்று நோட்டீஸ் நீட்டுகிறார்கள். நாங்கள் காலைக்கடன் கழித்த கடற்கரைக்கு இப்போது வியூ என்று பெயர்.

எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருகிறது. மதுரை, விஜயவாடா, பாட்னா... எங்கள் லிஃப்ட்டில் ஒன்பது மாடி ஏறுவதற்குள் நாலு பாஷை கேட்கலாம். ஸ்கூல் சீட்டுக்கு க்யூ, தண்ணீர் லாரிக்கு க்யூ, அந்த லிஃப்ட்டுக்கே ஒரு க்யூ. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஊர் என்றால் ஆள் வரத்தானே செய்வார்கள்? என் தாத்தாவே நெல்லூர் பக்கத்திலிருந்து துணி மூட்டையோடு வந்து இறங்கியவர்தான்.

நான் இருக்கும் அபார்ட்மென்ட், பழைய ஃபாக்டரி ஒன்று இருந்த நிலத்தில் கட்டியது. என் அப்பா அங்கே ஃபிட்டர். அவர் தினமும் பாஸ் காட்டி உள்ளே போன இடத்தில் இன்று என் பாக்கெட்டில் வீட்டுச் சாவி. வாங்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஃபாக்டரியில் ஒரு செங்கல் சிம்னி உண்டு. எங்கே நின்று பார்த்தாலும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை இடித்தபோது நானும் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தேன். செல்போனில் வீடியோ எடுத்தேன். கைகூடத் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அந்த நிலத்தில் இப்போது ஏ, பி, சி என்று மூன்று பிளாக். பி பிளாக்கில் ஒன்பதாவது மாடியில் நானும் என் மனைவி விஜயாவும் இருக்கிறோம். அதையும் விற்றுவிடலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மகன் ஓஎம்ஆரில் இருக்கிறான். "அங்க இன்னும் என்னப்பா இருக்கு உங்களுக்கு?" என்று போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறான். நான் பேச்சை மாற்றிவிடுவேன். புரோக்கர் ஒருவர் வாங்குவதற்கு ஆளையும் பிடித்துவிட்டார். பத்திரம் எல்லாம் ஜெராக்ஸ் வேண்டும் என்றார். ஃபைலைத் தேடி எடுத்து டைனிங் டேபிளில் வைத்தேன்.

அன்று சாயங்காலம்தான் ஏழுமலை வந்தான்.

ஏழுமலையைச் சொல்வதற்கு முன்னால் அவன் அண்ணன் தேசிங்கைச் சொல்ல வேண்டும். தேசிங்கு என் தோஸ்து. கார்ப்பரேஷன் ஸ்கூலில் ஒரே பெஞ்ச். பக்கத்துக் குப்பத்துப் பையன். எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான் — சொல்லிக் கொடுத்தான் என்றால், படகிலிருந்து தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். என் கல்யாணத்துக்கு ஒரு கூடை வஞ்சிரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நேராக வந்துவிட்டான். சைவக் கல்யாணம்! என் மாமனார் முகம் போன போக்கு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு மாசி மாத விடியற்காலையில் அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போனார்கள். துறைமுகத்துக்குப் போகிற கப்பல் ஒன்று கிட்டத்தில் கடந்து போக, அந்த அலையில் படகு கவிழ்ந்தது. ஏழுமலை கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். தேசிங்கைக் காணோம். வேறு படகு வந்து தூக்கும் வரை ஏழுமலை கரையையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். குப்பத்து அம்மன் கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் எங்கள் ஃபாக்டரி சிம்னி. வடக்கே திரும்பினால் அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கிறது. கடலில் இடம் குறிப்பது இப்படித்தான். கரையில் இரண்டு பொருள் ஒரு கோட்டில் வர வேண்டும், வேறு பக்கம் இன்னும் இரண்டு ஒரு கோட்டில் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிற இடம் கடலிலேயே ஒன்றுதான் உண்டு.

தேசிங்கு கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் திதியன்று ஏழுமலை அந்த இடத்துக்குப் போய்ப் பால் ஊற்றி, சாமந்திப்பூ போட்டு, ஒரு கட்டு பீடியையும் போட்டுவிட்டு வருவான். தேசிங்கின் மனைவி கன்னியம்மா கரையில் நிற்பார். அந்தக் குப்பத்தில் பெண்கள் படகு ஏறும் வழக்கம் கிடையாது.

கன்னியம்மா அப்போது ஃபாக்டரி கேட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். அபார்ட்மென்ட் வந்த பிறகும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார். கேட் முன்னால் கடை கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டது. இப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறார். தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அவருக்கு அது தெரியும். இருந்தும் எனக்கு மீனை நல்லதாகப் பார்த்துத்தான் கொடுப்பார்.

ஏழுமலை வந்தவன் சோபாவில் உட்காரவில்லை. பால்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்தபடி நின்றான்.

"ணா... அண்ணி இந்த தபா போட்ல வர்றேன்னுது."

"வரட்டுமேடா."

"ஒரு கண்ணு பூடுச்சி. சக்கர. இன்னொன்னும் போவுதுன்னு டாக்டர் சொல்ட்டாராம். கண்ணு கீறப்பவே அவரு எடத்த ஒரு தபா பாத்துடணும்னுது. ஊர்ல பெரியவங்க வேணான்னாங்க. 'நான் இன்னா மீனா புடிக்கப் போறேன், எம் புருசன பாக்கப் போறேன்'னுச்சி. அதோட யாரும் வாய தொறக்கல."

"நல்ல விஷயம்தானே. கூட்டிட்டுப் போ."

அவன் கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "ஆறு வருசமா நான் அண்ணன் எடத்துக்குப் போவலணா."

எனக்குப் புரியவில்லை.

"சிம்னிய இட்சிட்டாங்களே. வெறும் கோயில வச்சிகினு இன்னா பண்றது? ஒரு குத்துமதிப்பா போயி ஊத்திட்டு வந்துகினு கீறேன். அண்ணி கரைல நின்னுகினு 'சேத்தியாடா'ன்னு கேக்கும். 'சேத்துட்டேன் அண்ணி'ம்பேன். எங்க சேத்தேன்னு எனக்கே தெரியாது."

"உன் போட்ல ஜிபிஎஸ் இருக்கே. சிம்னி இருந்தப்பவே ஒரு தடவை அதுல குறிச்சு வெச்சிருக்கலாம் இல்ல?"

"அதுல மீனு எடம் தான் ஏத்துவோம்ணா. போட்ட விக்கச் சொல்லோ மெஷினும் சேந்து பூடும். வாங்குறவன் அண்ணன் எடத்த மீனு எடம்னு நெனச்சி வலய வுட்டுட்டான்னா? அதான் ஏத்தல. அப்பால..." அவன் குரல் இறங்கியது. "சிம்னி எங்க பூடப் போவுதுன்னு நெனச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தப் பேட்டையில் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. "கடல்ல அவங்களுக்கு என்னடா தெரியப் போவுது? எங்கயாவது நிறுத்தி இதுதான்னு சொல்லிடேன்" என்றேன்.

ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தான். "நீ சொல்வியாணா? அவன் உன் தோஸ்து."

அன்று சாயங்காலமே கீழே இறங்கினேன்.

சிம்னி எங்கே இருந்தது? மூன்று பிளாக்கில் எது? ஆறு வருஷம்தான் ஆகிறது, எனக்குத் தெரியவில்லை ஐயா! தினமும் பார்த்த ஒன்று போய்விட்டால் அது இருந்த இடம் இவ்வளவு சீக்கிரம் மறந்துபோகுமா? பில்டர் அழகுக்காக விட்டுவைத்த பழைய இரும்புக் கேட் ஒன்று தங்க நிற பெயின்ட்டோடு நிற்கிறது. கேட்டிலிருந்து சிம்னி அடிவாரம் வரை நூற்று நாற்பது காலடி. அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோன நாட்களில் எண்ணியது. ஆனால் அது எட்டு வயசுக் காலடி ஆயிற்றே! குட்டிக் குட்டி அடியாக நடந்து பார்த்தேன். ஒரு தடவை நடந்தபோது ஜிம் சுவரில் முட்டினேன். இன்னொரு தடவை யாரோ ஒருவர் காரில். மூன்றாம் தடவை செக்யூரிட்டி வந்து, "சார், கால்ல அடியா?" என்று கேட்டார்.

ஏழுமலைக்குப் போன் பண்ணினேன். பத்திருபது அடி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லையா? "கரைல ஒரு அடி தப்புனா அங்க நாலு அடி தப்பும்ணா" என்றான். கோயிலிலிருந்து சிம்னி எவ்வளவு தூரமோ, கோயிலிலிருந்து படகு அதைப்போல நாலு மடங்கு தூரமாம். ஏழாவது ஃபெயிலான ஏழுமலை எனக்கு ஜியோமெட்ரி நடத்தினான்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். விஜயா டைனிங் டேபிளில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஃபைலைக் காட்டி, "அதுல இருக்காதா?" என்றாள்.

ஃப்ளாட் வாங்கிய எல்லோரிடமும் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். அதில் தாய்ப் பத்திரம் என்று ஒரு கட்டு இருக்கும். எந்த மகனாவது அதைப் படித்திருப்பானா? நான் படித்ததில்லை. விற்பதற்காக எடுத்து வைத்த ஃபைலை அன்றுதான் முதல்முதலாகப் புரட்டினேன். அழுக்கான பழைய வரைபட ஜெராக்ஸ். கேட், கேன்டீன், சைக்கிள் ஷெட்... கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் சிம்னி என்று ஆங்கிலத்தில் எழுதி, வடக்குச் சுவரிலிருந்து இத்தனை அடி, கிழக்குச் சுவரிலிருந்து இத்தனை அடி என்று யாரோ ஒரு புண்ணியவான் குறித்து வைத்திருந்தான். அவனுக்குக் கோயில் கட்டலாம்.

எங்கள் அசோசியேஷன் செக்ரெட்டரி கார்த்திக், கோயம்புத்தூர்ப் பையன். அவனிடம் போனேன்.

"மாடிக்கு யாரையும் விடக்கூடாதுன்னு ரூல் இருக்குதுங்க அங்கிள்."

"தெரியும். அந்த ரூலை எழுதினதே நான்தான்."

விஷயத்தைச் சொன்னேன். தேசிங்கு, சிம்னி, ஆறு வருஷம் எல்லாவற்றையும். அவன் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே ஒரு சிம்னி இருந்ததே அவனுக்குத் தெரியாது. கேட்டு முடித்ததும் உள்ளே போய் லேசர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான். காம்பவுண்டுச் சுவரெல்லாம் பழைய சுவர்தான், நல்லவேளை. இரண்டு பேரும் பேஸ்மென்ட்டில் தவழாத குறையாக அளந்தோம். சி பிளாக்கின் வடக்கு மூலை, மூன்றாம் படிக்கட்டு. அதற்கு நேர் மேலே மொட்டை மாடியில் கார்த்திக் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டான்.

"இது சரியாங்க அங்கிள்?"

வட்டத்துக்குள் போய் நின்றேன். அங்கிருந்து கோயில் கோபுரம் தெரிந்தது, கடலும் தெரிந்தது. ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. சீ வியூ, சீ வியூ என்று எல்லோரும் கடலைப் பார்க்கத்தான் வீடு வாங்குகிறோம். கடலில் நிற்கிறவன் கரையைப் பார்ப்பானே, அவனுக்கு என்ன தெரியும் என்று ஒருத்தராவது யோசித்தோமா?

திதியன்று காலை விஜயாவின் சிவப்புப் பட்டுப்புடவையோடு வட்டத்துக்குள் நின்றேன். காற்றில் அது படபடவென்று அடித்தது. சட்டைப் பையில் இருந்த போனில், ஸ்பீக்கரில், ஏழுமலை.

"ஒண்ணியும் தெரிலணா. மூணு பில்டிங் கீது, அவ்ளோதான். நீ எங்க கீற?"

இரண்டு கையாலும் ஆட்டினேன். எம்பி எம்பி ஆட்டினேன். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. பின்னணியில் கன்னியம்மா குரல் கேட்டது. "இன்னாடா, எடம் வந்துச்சா?" "இரு அண்ணி" என்று ஏழுமலை மழுப்பினான். அவர் ஒரு கண்ணோடு அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருக்கிறார்.

லிஃப்ட் ரூம் இன்டர்காமில் விஜயாவைக் கூப்பிட்டு, "அவனுக்குப் புடவை தெரியலையாம்" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "தினம் காலையில சி பிளாக் ஜன்னல் கண்ணாடி வெளிச்சம் நம்ம கிச்சன்ல வந்து என் கண்ணைக் குத்துது. புடவை எதுக்கு?" என்றாள். ஐந்து நிமிஷத்தில் பாத்ரூம் கண்ணாடியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

சூரியன் கடலுக்கு மேலே ஏறியிருந்தது. கண்ணாடியைக் கிழக்கே காட்டி மெல்லச் சாய்த்தேன்.

"ணா." ஏழுமலை குரல் மாறிவிட்டது. "ணா, அடிக்குது. அப்டியே வச்சிகினு இரு. அசையாத."

எஞ்சின் சத்தம் ஏறி இறங்கியது.

"கோயிலுக்கு அந்தாண்ட கீது... வருது, வருது... ஏறிடுச்சி. கோபுரத்து மேலயே ஏறிடுச்சிணா." எஞ்சின் மறுபடி உறுமியது. "வடக்கால ரெண்டும் ஒண்ணா சேந்துடுச்சி."

எஞ்சின் நின்றது. அதன்பிறகு போனில் படகில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் மறந்துவிட்டானோ, வேண்டுமென்றே விட்டானோ, போனைக் கட் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. கண்ணாடி கனத்தது. ஒரு பக்கத்தை விஜயா பிடித்துக்கொண்டாள். இருபது நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். தேசிங்கு போனதற்கு நான் சரியாக அழவில்லை. அப்போது வேலை, குழந்தை, லோன் என்று ஏதேதோ. அன்றைக்கு அந்த மாடியில்தான் அழுதேன். அவன் என்னைப் படகிலிருந்து மறுபடி ஒரு தடவை தள்ளிவிட மாட்டானா என்று இருந்தது.

வாட்ஸ்அப் குரூப்பில் புகார் குவிந்துகொண்டிருந்தது. 'யாரோ கண்ணில் லைட் அடிக்கிறார்கள்.' கார்த்திக் ஒரே வரியில் பதில் போட்டிருந்தான்: 'மெயின்டெனன்ஸ் வேலை நடக்கிறது. ஒத்துழைக்கவும்.'

மறுநாள் ரோட்டைத் தாண்டிக் கன்னியம்மாவிடம் போனேன். கூடையில் சங்கரா இருந்தது. வழக்கம்போல நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டே பேசினார்.

"பாத்தியாம்மா?" என்றேன்.

"பாத்தேண்ணா." மீனைக் கீழே வைத்துவிட்டார். "இத்தினி வருசமா அவரு எங்கியோ ஒரு கோடில, நடுக்கடல்ல பூட்டாருன்னு நெனச்சிகினு இருந்தேன். கரையே தெரியாத எடம்னு. ராத்திரி படுத்தா அதான் நெனப்பு. எந்தப் பக்கம் வூடுன்னு கூடத் தெரியாம பூட்டாரேன்னு... அப்டி இல்லண்ணா. உன் கண்ணாடி அடிச்சிது பாரு, அதுக்குக் கீழயே நம்ம கோயிலு. கோயிலாண்ட நம்ம தெரு. ஒத்தக் கண்ணுக்கே தெரியுது. அவருக்குத் தெரியாம இருந்திருக்குமா? வூட்ட பாத்துகினேதான் கீறாரு."

மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழுமலையிடம் கேட்டேன். இந்தத் தடவையாவது ஜிபிஎஸ்ஸில் ஏற்றினாயா?

"இல்லணா."

"ஏன்டா? சிம்னிதான் இல்லையே."

"அதான் நீ கீறியே."

நேற்று புரோக்கர் போன் பண்ணினார். பார்ட்டி ரெடி, ஜெராக்ஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். வீடு விற்பதாக இல்லை என்றேன். பதறிவிட்டார். ஏன் சார், ரிட்டயர் ஆகிவிட்டேன், பையனோடு போய் இருக்கப் போகிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்றேன். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான், ஆனால் லீவு போட முடியாது.

"அப்படி என்ன சார் வேலை?"

சிம்னி, என்றேன்.